மாதா பாட்டுக்கு இருபத்தைந்து ரூபாய்

ஆகஸ்டு மாதம் வந்தாலே மாதாக்கோட்டை ஃபிளோராவுக்குக் காது தெருவுக்குப் போய்விடும். மற்ற நாட்களில் கோயில் பாடகர் குழுவில் பாடிவிட்டு, வீட்டுக்கு வந்து சோறு வடிக்கிற பெண்தான். வேளாங்கண்ணிக்கு நடந்துபோகிற கூட்டம் காவி கட்டிக்கொண்டு தஞ்சாவூர் சாலையில் இறங்கியதும், அவர்கள் மாதா சொரூபம் வைத்துத் தள்ளிவரும் சப்பர வண்டி ஸ்பீக்கரில் ஓடுவது யார் பாட்டு என்று வாசலில் நின்றுவிடுவாள்.

மாதா மேல் நான்கு பாட்டு அவளே எழுதி, மெட்டும் போட்டு, ஸ்டூடியோவில் பாடிப் பதிவு செய்திருந்தாள். புருஷன் ஆல்பின் கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறவன். சின்னதாக ஓர் இணையதளம் கட்டி, பாட்டு ஒன்றுக்குப் பத்து ரூபாய் என்று டவுன்லோடுக்கு வைத்தான். போன வருஷம் பரவாயில்லாமல் போயிற்று. இந்த வருஷம் ஸ்டூடியோக்காரர் கட்டணத்தை ஏற்றிவிட்டார். ஐந்தாவது பாட்டு பதிவாக வேண்டுமானால் இந்த நான்கும்தான் சம்பாதித்துக் கொடுக்க வேண்டும்.

"இந்த சீசன்ல வரலைன்னா இனிமே மைக்கத் தொட மாட்டேங்க. ஜவுளிக்கடையில பில்லு போடக் கூப்பிடுறாங்க, போயிடுறேன்," என்று ஆல்பினிடம் சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிற ரகம் அவள்.

எனவே விலை இருபத்தைந்து ஆயிற்று.

அய்யய்யோ, அன்றைக்கு வாட்ஸ்அப்பைப் பார்த்திருக்க வேண்டும்! அவர்கள் தெருக் குடும்பங்கள் சேர்ந்து ஜெபம் சொல்கிற அன்பியத்துக்கு ஒரு குழு உண்டு. அதில் முதல் ஆளாக வந்தவர் தலைவர் பெரியநாயகசாமி, மின்வாரியத்தில் ரிட்டையரானவர். "மாதா பாட்டுக்கு விலை ஏத்துறதா? அடுக்குமா இது?" அடுத்து மரியபுஷ்பம். ஃபிளோராவோடு ஒரே வரிசையில் நின்று பாடுகிறவள்தான். "எங்கிட்ட பழைய விலைக்கு வாங்கினது இருக்கு. வேணுங்கறவங்க கேளுங்க, அனுப்புறேன்." கேட்டார்கள். குழு மொத்தமும் கேட்டது. இருபத்தைந்து ரூபாய்க்கு டீயும் வடையும் சாப்பிட்டுக்கொண்டே கேட்டிருப்பார்கள், யார் கண்டது! இணையதளத்தில் ஈ காக்கை இல்லை.

ஃபிளோராவுக்கு வந்த கோபத்தில் விலையையே எடுத்துவிட்டாள். இலவசம், அள்ளிக்கொண்டு போங்கள் என்று. அதற்கும் ஆளில்லை. "சும்மா குடுக்குற லிங்க்கை தொட்டுடாதீங்க, பேங்க்ல இருக்கறது போயிடும்," என்று எச்சரிக்கை ஒன்று ஊரைச் சுற்றியது.

அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. விலை இருந்த இடத்தில் 'விருப்பக் காணிக்கை' என்று போடச் சொன்னாள். பக்கத்தில் மாதா படமும் வைத்தாள்.

கொட்டோ கொட்டென்று கொட்டியது. இருபத்தைந்து ரூபாய்க்கு மூக்கால் அழுதவர்கள் நூற்றியொன்று போட்டார்கள். பெரியநாயகசாமி ஐந்நூற்றியொன்று போட்டு, மகளுக்குச் சுகப்பிரசவம் ஆக வேண்டும் என்று கீழே எழுதியிருந்தார். எழுதியவர்கள் எல்லாருமே அப்படித்தான். பையனுக்கு விசா, முழங்கால் வலி, சம்பா நாற்றங்காலுக்குத் தண்ணீர். பாட்டைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை. கூத்தாநல்லூர் ஜெய்னுலாபுதீன் என்று ஒருவர் மட்டும், "பாட்டு என்ன விலைங்க?" என்று கேட்டிருந்தார். "உங்க விருப்பம்போல காணிக்கை போடுங்க," என்று பதில் அனுப்பினாள். ஆள் அதோடு சரி.

"பேரம் பேசுற கேஸு," என்றான் ஆல்பின்.

ஸ்டூடியோவுக்கு நாள் குறித்தாகிவிட்டது. மறுநாள் பெரியநாயகசாமி வீட்டுக்கு வந்தார், கூடவே மரியபுஷ்பம்.

"ஏம்மா ஃபிளோரா, காணிக்கை நெறைய சேந்திருக்காமே. எப்ப கொண்டுபோய் உண்டியல்ல போடுறதா உத்தேசம்?"

"உண்டியலா? சார், அது பாட்டுக்கு வந்த பணங்க."

"பாட்டுக்கா? பாட்டுதான் எங்கிட்ட போன வருஷத்துதே இருக்கேம்மா. நான் மாதாவுக்குல்ல குடுத்தேன்." அவர் சண்டைக்கு வரவில்லை. உள்ளபடியே திகைத்துப்போய்க் கேட்டார்.

"ஸ்டூடியோவுக்குக் கட்டணும்னு..."

மரியபுஷ்பம் சட்டென்று சிலுவை போட்டுக்கொண்டாள். "வேணாண்டி ஃபிளோரா. சனங்க வேண்டுதல் அதுல இருக்கு."

இணையதளம் என்னுடையது, குரல் என்னுடையது என்று ஃபிளோரா பேசியிருக்கலாம். ஆனால் அவளும் அதே கோயிலில் வளர்ந்தவள்தானே. அந்த மகளின் பிரசவத்தை எடுத்து ஸ்டூடியோவுக்குக் கட்ட அவளுக்கு மனம் வரவில்லை. பஸ் பிடித்து அவளும் ஆல்பினும் வேளாங்கண்ணிக்குப் போனார்கள். வந்த பணம் அத்தனையும் உண்டியலுக்குள் போயிற்று.

வெளியே வந்தால், கூட்டத்துக்கு நடுவில் ஒரு சப்பர வண்டியில் அவளுடைய பாட்டுதான் ஓடிக்கொண்டிருந்தது. கால் கொப்புளித்த பெண்கள் கூடவே பாடினார்கள். ஒருத்திக்கும் அவளைத் தெரியவில்லை. ஃபிளோராவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. கோபுரத்தைத் திரும்பிப் பார்த்து, "எல்லாத்தையும் நீயே வாங்கிக்கிட்ட. என் குரலுக்குன்னு ஒத்த ரூபா குடுக்க ஒரு ஆளு இல்லை," என்று வாய்விட்டே சொன்னாள். ஆல்பின் அவள் கையைப் பிடித்து பஸ் நிலையத்துக்கு அழைத்துப் போனான்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் காணிக்கையை எடுத்துவிட்டுப் பழையபடி இருபத்தைந்து ரூபாய் போடச் சொன்னாள். வாங்கினால் வாங்கட்டும், இல்லாவிட்டால் போகட்டும். ஸ்டூடியோவுக்குப் போன் செய்து வரவில்லை என்று சொல்லிவிட்டாள். திங்கட்கிழமை வருவதாக ஜவுளிக்கடைக்கும் சொல்லிவிட்டாள்.

ஞாயிறு பூசை முடிந்து வந்து பார்த்தால், நான்கு பாட்டும் விற்றிருந்தன. வாங்கியவர் ஒரே ஆள். கீழே செய்தி இருந்தது.

"காணிக்கைன்னு போட்டிருந்தப்ப வாங்க முடியலைங்க. எனக்கு அது சரியா வராது. விலை போட்டுட்டீங்களான்னு தெனமும் பாத்துக்கிட்டிருந்தேன். நம்மளுது டயர் கடை. உங்காளுங்க சப்பர வண்டி பஞ்சராகி நின்னப்பதான் பாட்டைக் கேட்டேன். ரெண்டாவது பாட்டுல தண்ணி கேக்குற எடத்துல உங்க குரல் எறங்குது பாருங்க, அதுக்காகத்தான் வாங்கினேன். அடுத்த பாட்டு எப்ப வரும்? – ஜெய்னுலாபுதீன், கூத்தாநல்லூர்."

ஃபிளோரா அதை ஆல்பினுக்கு உரக்கப் படித்துக் காட்டினாள். தண்ணீர் கேட்கிற இடத்துக்கு வந்ததும் நிறுத்தி, மறுபடி படித்தாள்.

"ஸ்டூடியோவுக்கு இது பத்தாதே," என்றான் ஆல்பின்.

"பத்தாதுதான்."

திங்கட்கிழமை ஜவுளிக்கடைக்குப் போனாள். முதலாளி என்னென்னவோ கேட்டார், பதில் சொன்னாள். அவள் கேட்டது ஒன்றே ஒன்று, சம்பளம் என்றைக்குத் தருவீர்கள் என்று. கடைக்கு வெளியே வந்து ஸ்டூடியோக்காரருக்குப் போன் போட்டு, அந்தத் தேதியைச் சொன்னாள்.