ஜெனிலாவின் தொப்பி

செத்துப்போன பிள்ளை போனுக்குள்ளே வளர்ந்துகொண்டிருந்தது. வளர்த்தவள் சந்தனமேரி.

ராஜபாளையம் பக்கம் பேண்டேஜ் துணி நெய்கிற தறியில் அவளுக்கு வேலை. குறைமாதத்தில் பிறந்த அவள் மகள் ஜெனிலா, ஆஸ்பத்திரியில் உடம்புச் சூட்டுக்காக அவள் நெஞ்சின்மேல் கிடந்தபடியே அடங்கிப்போனாள். அங்கே பழகிய தாய்மார்கள் வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருந்தார்கள். ஜெனிலா போன விஷயம் தெரிந்தவர்கள் ஒவ்வொருத்தராக விலகிப்போக, புதியவர்கள் வந்தார்கள். அதில் ஒருத்தி போன் போட்டு, "உங்க பிள்ளை இப்ப எப்படிக்கா இருக்கு?" என்று அழுதாள். "நல்லாருக்காட்டி, நீ பயப்படாத" என்று வாய் சொல்லிவிட்டது. அந்தப் பக்கம் அழுகை நின்றது.

பிறகு நிறுத்த முடியவில்லை. ஜெனிலாவுக்குப் பல் முளைத்தது, நடை வந்தது, இப்போது பால்வாடிக்குப் போகிறாள். சமயத்தில் தறிச்சத்தத்துக்குள் "அம்மா" என்று கேட்கும். சந்தனமேரி திரும்பிப் பார்ப்பாள்.

"மண்ணுல வச்ச பிள்ளையப் பொய்யில வளக்க. எவளாவது ஒருத்தி கண்ணுல காட்டுன்னு கேட்டா என்னட்டி செய்வ?" என்பான் புருஷன் வில்சன்.

காட்டு என்று யாரும் கேட்கவில்லை. குழுவில் புதிதாகச் சேர்ந்த மாரிச்செல்வி ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து தொப்பியைக் கேட்டாள். பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி ஆகாது, நன்றாக வாழ்கிற பிள்ளை உடுத்திக் கழித்ததைத்தான் முதலில் போட வேண்டும் என்பது வழக்கம். "ஜெனிலா போட்ட தொப்பியக் கொண்டுவாங்கக்கா. எனக்குக் காய்ச்சல், பிள்ளைய நெஞ்சோட அணைக்கக் கூடாதுங்காங்க. வீட்டுப் பொம்பள யாரையாச்சும் கூப்பிடுங்காங்க. எனக்கு யாருக்கா இருக்கா?" தாயில்லாப் பெண். புருஷன் வடக்கே பட்டாளத்தில் இருந்தான்.

சந்தனமேரி பக்கத்து வீடுகளில் கேட்டுப் பார்த்தாள். எல்லாம் கொழுத்த பிள்ளைகளின் தொப்பி. ஆரஞ்சுப்பழம் கணக்கான தலைக்குச் சேருவது, அவள் எடுத்து வைத்திருந்த ஜெனிலாவின் மஞ்சள் தொப்பி ஒன்றுதான். வெந்நீரில் போட்டு அலசினாள். அதில் மிச்சமிருந்த வாசமும் தண்ணீரோடு போனது.

வார்டுக்குள் நுழைந்தாள். அதே மருந்து வாடை, அதே மிஷின் சத்தம். நர்ஸ் கையைக் கழுவச் சொல்லி, சட்டையைத் தளர்த்தி உட்காரவைத்து, பிள்ளையை நெஞ்சில் கிடத்தினாள். மாரிச்செல்வி தொப்பியை வாங்கிக் கண்ணில் ஒற்றி மகள் தலையில் மாட்டிவிட்டுக் கொஞ்சம் எட்ட உட்கார்ந்தாள்.

"ஜெனிலா மாதிரி இவளும் ஓடியாடணும்க்கா."

சந்தனமேரி பிள்ளையின் முதுகில் கை வைத்தாள். அதே கனம். அவள் நெஞ்சு அதை மறந்திருக்கவில்லை. குனிந்து பார்த்தால் மஞ்சள் தொப்பிதான் தெரிந்தது, முகம் தெரியவில்லை.

கொஞ்ச நேரத்தில், நெஞ்சில் பட்டுக்கொண்டிருந்த பிள்ளையின் மூச்சு நின்றது.

"ஜெனிலா! ஏ ஜெனிலா!" என்று அலறினாள்.

நர்ஸ் ஓடிவந்து பிள்ளையின் உள்ளங்காலைச் சுண்டினாள். ஒரு சுண்டு, இன்னொரு சுண்டு. பிள்ளை கோழிக்குஞ்சு போலக் கீச்சிட்டது.

"குறைமாசப் பிள்ள மூச்ச மறக்கும், நாமதான் ஞாபகப்படுத்தணும். நீங்க போட்ட சத்தத்துல எனக்குல்லா மூச்சு நின்னுபோச்சு!" என்று நர்ஸ் மிஷினைச் சரிபார்த்துவிட்டுப் போனாள்.

மாரிச்செல்வி முகத்தில் ரத்தமில்லை. "எதுக்குக்கா அவ பேரச் சொன்னீங்க?"

சந்தனமேரி வாயைத் திறந்தாள். பால்வாடி, புதுச்செருப்பு, எல்லாம் நாக்குவரை வந்து நின்றன.

"அவ இல்லட்டி. இப்படிக் கிடக்கையிலதான் போனா. அப்ப இருந்தே இல்ல."

"பல்லு முளைச்சதுன்னீங்களே... நடந்தான்னீங்களே..."

"உங்கிட்டயெல்லாம் பேசையில நடந்தா."

மாரிச்செல்வி தொப்பியையே வெறித்தாள். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு, "அதக் கழட்டுங்க" என்றாள்.

சந்தனமேரி தொப்பியைக் கழற்றினாள். மற்றக் கையைப் பிள்ளையின் முதுகுக்கு அடியில் கொடுத்துத் தூக்கப்போனாள்.

"பிள்ளைய எங்க தூக்குதீங்க? தொப்பியத்தான கழட்டச் சொன்னேன்." மாரிச்செல்வியின் குரல் உடைந்தது. "கதை சொல்லாம மூச்சப் பாருங்க. இன்னொரு தடவ நின்னா அவ பேரச் சொல்லாதீங்க. கால்ல சுண்டுங்க."

தன் முந்தானையில் ஒரு துண்டைக் கிழித்து மகள் தலையை மூடினாள்.

சந்தனமேரி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். ஒரு கை சின்னப் பாதத்தில் இருந்தது. மற்றக் கைக்குள் தொப்பி. அன்றைக்கு ஜெனிலாவின் தலையிலிருந்து எடுத்தபோது அது ஜில்லிட்டிருந்தது. இப்போது சூடாக இருந்தது. அந்தச் சூடு ஆறுகிறதா என்று விரலால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.