சிவப்பு பிளக் பாயின்ட்

டீசல் லாரி வந்து பதினாறு நாளாகிவிட்டது. மின்சாரம் தினமும் ஐந்தாறு முறை போகிறது. ஜெனரேட்டரில் மிச்சமிருப்பது ஒன்பது மணி நேரத்துக்கான டீசல். இந்த ஆஸ்பத்திரி இனி எதில் ஓடும் என்று பெரிய டாக்டரின் அறையில் நான்கு பேர் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தோம்.

மேனேஜர் காற்றாலை வைக்கலாம் என்றார். எங்கள் மாடியில் காயப்போட்ட துணிகூட அசையாது. சமையலறைக் கழிவில் எரிவாயு எடுக்கலாம் என்றார். எடுக்கலாம், அதில் டீ போடலாம்.

எலக்ட்ரீஷியன் நான். மாடியில் சோலார் பலகைகளையும் கீழே பேட்டரிகளையும் மாட்டியவள். "எல்லாத்துக்கும் பத்தாது சார். சிவப்பு பிளக் பாயின்ட்டுக்கு மட்டும்னா நாலு மணி நேரம் தாங்கும்" என்றேன். உயிர் காக்கும் மெஷின்களை மட்டும்தான் சிவப்பில் செருக வேண்டும் என்பது விதி.

ஜெனரேட்டரை இருபது வருடமாகப் பார்த்துக்கொள்பவரை டீசல் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். "பேப்பர்ல தாங்கும்மா. ஆளப் படுக்க வச்சுப் பாத்தியா?" என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நாளைக்கே பாத்துடலாம்ணே. டயாலிசிஸ் வார்டுல மூணாவது பெட்ல என் தம்பிதான் படுத்திருப்பான்."

பெரிய டாக்டர் என்னையே பார்த்தார். "வார்டுல இருக்கற ஆறு பேஷன்ட்கிட்டயும் கேட்டுட்டுச் செய்யலாம். ஓடலன்னா வார்ட மூட வேண்டியதுதான். மிச்ச டீசல் ஆபரேஷன் தியேட்டருக்கு வேணும்."

வார்டு மூடினால் தம்பி ஒரு வாரம்கூடத் தாங்கமாட்டான். ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேறு வழி கிடையாது.

அன்று சாயங்காலமே வார்டைச் சல்லடை போட்டுச் சலித்தேன். நர்சுகளின் வெந்நீர்க் கெட்டில், போன் சார்ஜர்கள் எல்லாவற்றையும் சிவப்பிலிருந்து பிடுங்கி, வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு வந்தேன்.

மறுநாள் பத்து மணிக்குக் கரண்ட் போனதும் ஜெனரேட்டரைப் போட விடாமல் வார்டைப் பேட்டரிக்கு மாற்றினேன். ஆறு மெஷின்களில் ஒன்றுகூடக் கண் சிமிட்டவில்லை. குழாய்களில் ரத்தம் அதுபாட்டுக்குச் சுற்றியது. "மூஞ்சிய ஏன்க்கா பேயறஞ்ச மாதிரி வச்சிருக்க?" என்று தம்பி சிரித்தான். நாற்பது நிமிடம் போயிற்று. எனக்கே கொஞ்சம் திமிர் வந்தது.

அப்போது எல்லாம் நின்றது.

மெஷினுக்குள் இருக்கும் குட்டி பேட்டரிகள் செத்துப் பல வருடமாகிறது. ஜெனரேட்டர் இருக்கிறதே என்று யாரும் மாற்றவில்லை. இனி பம்பில் கைப்பிடியைச் செருகிக் கையால் சுற்ற வேண்டும். நின்றால் ரத்தம் உறைந்துவிடும். இரண்டு நர்சுகள் ஆளுக்கு இரண்டு படுக்கையாக ஓடினார்கள். மூன்றும் நான்கும் எனக்கு. தம்பியுடையதைச் சுற்றத் தொடங்கினேன். இருபது சுற்று இங்கே, இருபது சுற்று அங்கே என்று மாற்றி மாற்றிச் சுற்ற வேண்டும், தெரியும். ஆனால் கை இவனை விட்டு வரவில்லை. பயத்தில் எண்ணிக்கையே மறந்துபோனது.

நான்காவது படுக்கையில் ஒரு டீச்சரம்மா. அசையாத தன் குழாயைப் பார்த்துக்கொண்டே, குரலை உயர்த்தாமல் சொன்னார்: "எனக்கும் கொஞ்சம் சுத்தும்மா."

"அவங்களுக்குப் போ அக்கா" என்றான் தம்பி. நான் போகவில்லை.

வெளியே ஜெனரேட்டர் உறுமியது. டீசல் அண்ணன் யாரையும் கேட்காமல் போட்டுவிட்டிருந்தார். அந்தச் சத்தத்தை எத்தனை நாள் கரித்துக்கொட்டியிருப்பேன். நின்ற இடத்திலேயே அழுதேன்.

டீச்சரம்மாவின் குழாயில் ரத்தம் கறுத்து உறைந்திருந்தது. அந்தக் குழாயோடு ஒரு டம்ளர் ரத்தத்தையும் தூக்கிப் போட்டார்கள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்தபோதுதான் பார்த்தேன். தம்பியின் கட்டிலுக்கடியில் ஆரஞ்சு வெளிச்சம். போன மழைக்காலத்தில் நானே வாங்கிக் கொடுத்த ஹீட்டர். டயாலிசிஸ் ஓடும்போது அவனுக்குக் கால் விறைத்துவிடும். சிவப்பில் கரண்ட் போகாது என்று நானே அதில் செருகியிருந்தேன். ஊரார் கெட்டிலையெல்லாம் பிடுங்கியவளுக்கு இது கரண்ட் தின்கிற சாமானாகவே தோன்றவில்லை, இவனுடைய போர்வை மாதிரி இருந்தது. குளிரத் தொடங்கியதும் அவன் காலைத் தொங்கவிட்டுப் பட்டனை அழுத்தியிருக்கிறான். ஆறு மெஷின்களையும் தாங்கிய பேட்டரி அந்த ஒன்றில் படுத்துவிட்டது.

பெரிய டாக்டர் மேனேஜரோடு வந்தார். "பேட்டரி சரிப்படாது. அவ்வளவுதானே?"

ஆமாம் என்றால் என் தப்பு வெளியே தெரியாது. வார்டு மூடிவிடும்.

பிளக்கைப் பிடுங்கி அவரிடம் காட்டினேன். "பேட்டரி தாங்கும் சார். நான்தான் இத விட்டுட்டேன்."

யாரும் திட்டவில்லை. டீசல் அண்ணன் தொட்டிக்குள் விட்டு எடுத்த அளவுகோலோடு வாசலில் நின்றார். "எட்டு மணி நேரத்துக்கு இருக்கு" என்றார்.

"இன்னொரு தடவ பாக்கணும்னா யார் படுப்பாங்க?" என்று கேட்டார் டாக்டர். கட்டில்களில் ஒரு கையும் உயரவில்லை. மேனேஜர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் படுக்கறேன்" என்றார் டீச்சரம்மா. உதடு வெளுத்திருந்தது. "ஆனா இந்தப் பொண்ணு எங்கிட்ட நிக்கணும். அவ தம்பிகிட்ட இல்ல."

சரி என்று தலையாட்டினேன். தம்பி இரண்டு கால்களையும் போர்வைக்குள் இழுத்துக்கொண்டான்.