கோச்சடை தோள்கொடுத்த கட்டில்

கண்மாய்க்கரை வீடுகளில் மழைக்காலத்தில் துணி காயாது, உப்பு கசியும், மூட்டைப்பூச்சி மட்டும் அமோகமாக விளையும். ஆனால் கோச்சடையில் யார் வீட்டிலும் மூட்டைப்பூச்சி கிடையாது. கேட்டால் அப்படித்தான் சொல்வார்கள். கடிப்பதெல்லாம் கண்மாய்க் கொசு.

குடைக்கடை அப்துல் லத்தீபும் இருபது வருஷமாக அதையே சொல்லிவந்தார். புது மருமகன் சிஹாபுதீன்தான் நம்பவில்லை. நிக்காஹ் முடிந்து மாமனார் வீட்டில் தங்கிய ஒன்பது நாளில் எட்டு நாள் தரையில் படுத்தார். பிறகு சொந்த ஊரான கம்பத்துக்குப் போய்க் கடிதம் போட்டார்: "கொசு வரிசை வைத்துக் கடிக்காது மாமா. வியாழக்கிழமை வருகிறேன். கட்டிலில் ஒரு பூச்சி இருந்தாலும் ஆரிபாவைக் கம்பத்துக்கே கூட்டிவந்துவிடுவேன்."

ஆரிபா ஒரே மகள். மனைவி போனபின் அவள் குரல் கேட்காமல் லத்தீபுக்குச் சோறு இறங்குவதில்லை. பூச்சி எடுப்பதில் பேர்போன சின்னானைக் கூப்பிட்டார்.

சின்னான் வெந்நீர் ஊற்றினான்; பூச்சிகள் குளித்துவிட்டு வந்தன. மண்ணெண்ணெய் பூசினான், பளபளப்பாகத் திரிந்தன. வசம்புப் புகை போட்டதில் லத்தீபுக்குத்தான் மயக்கம் வந்தது. புளியங்கொட்டை அளவுப் பூச்சி ஒன்று அவர் கண் திறக்கிறவரை தலைமாட்டில் கவலையோடு உட்கார்ந்திருந்ததாகச் சின்னான் பின்னால் சாட்சி சொன்னான்.

"அண்ணே, கட்டில்ல கல்லைக் கட்டி மூணு நாள் கண்மாய்க்குள்ள முக்கிப் போட்டாத்தான் அம்புட்டும் சாகும்."

"தெருக்காரங்க பாத்துட்டா?"

"வெள்ளைத் துணியைப் போட்டு மூடிருவோம். உள்ள என்ன இருக்குன்னு எவனுக்குத் தெரியும்?"

வியாழக்கிழமை விடியலில் கட்டில்மேல் கற்களை நீளவாக்கில் அடுக்கி, துணியால் மூடி, நாலு பேர் தோளில் தூக்கினார்கள். வெட்கத்துக்கு முகம் மறையத் தலைமேல் துண்டைப் போட்டுக்கொண்டு லத்தீப் முன்னால் நடந்தார். பள்ளிவாசலில் பஜ்ருத் தொழுகை அப்போதுதான் முடிந்திருந்தது.

அடக்கத்துக்குப் போகும் மையத்து எதிர்ப்பட்டால் பத்தடியாவது தோள்கொடுப்பது வழக்கம். யாருடையது என்று அந்த இடத்தில் விசாரிப்பது அழகல்ல. சர்பத் கடை ஜமீல் முதலில் செருப்பைக் கழற்றினார். பிறகு தெருவே கழற்றியது. "மூட்டைப்பூச்சி" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாரும் சிதறியிருப்பார்கள். இருபது வருஷ மானம் லத்தீபின் வாயைக் கட்டியது.

முதல் பஸ்ஸில் வந்திறங்கிய சிஹாபுதீன், மாமனார் வாசலிலிருந்து கட்டில் வருவதைக் கண்டார். "மாமா, கோவிச்சுக்கிட்டே போயிட்டீங்களே" என்று தேம்பியபடி பாய்ந்து தோள்கொடுத்தார். யார் மாற்றக் கேட்டும் விடவில்லை. கட்டில்காலைக் கன்னத்தோடு அணைத்தபடியே நடந்தார்.

முச்சந்தியில் சின்னான் இடப்பக்கம் திரும்பினான்.

"கபர்ஸ்தான் அங்கிட்டுல்ல இருக்கு. கண்மாய்ப் பக்கம் எங்கடா போற?" என்றார் ஜமீல்.

லத்தீப் துண்டை எடுத்தார். சிஹாபுதீனுக்கு அழுகை நின்றது.

"நீங்க இங்க நிக்கிறீங்கன்னா, மேல படுத்திருக்கிறது யாரு மாமா?"

"யாருமில்ல மாப்ள. கட்டில்தான்."

"கட்டிலுக்கு என்ன?"

"கொசு."

தூக்கிய பாவத்துக்குக் கண்மாய்வரை கொண்டுபோய் முக்கிவிட்டு அவரவர் வீட்டுக்குப் போனார்கள். சிஹாபுதீன் அடுத்த பஸ்ஸுக்கே திரும்பினார். "ஞாயித்துக்கிழமை வாரேன். ஆரிபாவைப் பெட்டியோட தயாரா இருக்கச் சொல்லுங்க."

சனிக்கிழமை கட்டிலை வெளியே எடுத்தார்கள். சின்னான் இண்டு இடுக்கெல்லாம் ஊசி விட்டுப் பார்த்தான். ஒரு பூச்சி இல்லை. செத்த பூச்சியும் இல்லை. விவரமான ஜாதி, தண்ணீரைக் காணுமுன்பே தோள்தோளாக இறங்கிப் போய்விட்டது. கோச்சடை முழுக்க அந்த வாரம் முதுகைச் சுவரில் தேய்த்துக்கொண்டிருந்தது. ஏன் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சிஹாபுதீன் வந்தார். கழுத்தில் மூன்று வரிசைத் தடிப்பு. கூடத்தில் ஆரிபாவின் பெட்டி கட்டித் தயாராக இருந்தது. லத்தீப் அதைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தார்.

"எங்க அம்மா என்னைய வாசல்லயே நிறுத்திட்டாங்க மாமா. சட்டையைக் கழட்டச் சொன்னாங்க. கழட்டியும் உள்ள விடல."

லத்தீப் துக்கம் விசாரிக்கிற முகத்தோடு கேட்டார், "அப்ப, எத்தனை மணி பஸ் மாப்ள?"

சிஹாபுதீன் உள்ளே போய்க் கட்டிலின் நாலு காலையும் தட்டிப் பார்த்தார். மெத்தையைப் புரட்டினார். பிறகு காலை நீட்டிப் படுத்தார். குறட்டை வர அதிக நேரம் ஆகவில்லை.

"அத்தா, சும்மா நிக்காம இந்தப் பெட்டியை ஒரு கை பிடிங்க. உள்ள வச்சிருவோம்" என்றாள் ஆரிபா.

லத்தீப் இரண்டு கையாலும் பிடித்தார்.