ஆற்றுப் பக்கத்து மண்

ஆறடி ஆழத்தில் நான் நட்ட கம்பம் என் கண்ணெதிரே வேரோடு பிடுங்கிக்கொண்டு போய் நாலு நாளாகிறது. இன்னும் எனக்குச் சோறு இறங்கவில்லை. துக்கம் கேட்க வருகிறவர்கள் "எல்லாம் விதி" என்கிறார்கள். விதியாம் விதி! இன்னொரு ஆள் அப்படிச் சொன்னால் அறைந்தாலும் அறைந்துவிடுவேன். இந்த முப்பத்தொன்பதாம் வருஷத்து ஐப்பசி வெள்ளம் போன வருஷ வெள்ளத்தில் பாதிகூட இல்லை.

நான் தர்மன், கம்பம் நடுகிற மேஸ்திரி. தந்திக் கம்பமோ, மாடு கட்டிக் கவலை இறைக்கிற கிணற்றுக் காலோ, அரூர்ப் பக்கத்தில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். தென்பெண்ணையில் எங்கள் ஊர்த் துறையில் பரிசல் விட்டவன் மல்லையன், என் மனைவி ராமக்காவின் தம்பி. தீர்த்தமலைக்குப் போகிறவர்கள் எல்லாம் அவனை நம்பித்தான் ஆற்றில் இறங்குவார்கள். தண்ணீர் ஏறினால் பரிசலை அடித்துக்கொண்டு போய்விடும் என்று, போன வருஷம் நான்தான் குறுக்கே ஒரு வடம் கட்டச் சொன்னேன். வடத்தைக் கையால் பற்றிப் பற்றியே அக்கரை போய்விடலாம். அக்கரையில் பாறை, கட்டுவது சுலபம். இக்கரையில் வெறும் மண். அங்கே ஓர் ஆச்சா மரக் கம்பத்தை நட்டு, செம்மண்ணும் சரளையும் போட்டு, சாண் சாணாகத் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கினேன். கை விட்டுப் போகும்வரை இடித்தேன்.

அந்த ஐப்பசியிலேயே சோதனை வந்தது. பதினோரு பேரோடு பரிசல் நடு ஆற்றில் இருக்கும்போது வெள்ளம் திடீரென்று பொங்கியது. வடம் விண்ணென்று இழுத்தது. கம்பம் ஓர் இம்மிகூட அசையவில்லை. கரையேறியவர்கள் கம்பத்தைக் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஊரே கூடியிருந்தது. கம்பத்தின் ஆற்றுப் பக்கம் காலால் தட்டி, "மரத்தை ஏன் கும்பிடறீங்க? வடம் இழுக்கறப்போ மரம் இந்தப் பக்கந்தான் சாயப் பாக்கும். அதை மார்ல வாங்கித் தாங்குனது இந்த மண்ணுங்க, இந்த மண்ணு!" என்றேன். தொழில் தெரிந்தவன் தொழிலைச் சொன்னேன், அவ்வளவுதான்.

பிறகு மொரப்பூர் ஸ்டேஷன் பக்கம் கிடங்கு வேலைக்குப் போய்விட்டேன். இரண்டு மூன்று தடவை வந்தபோது கம்பத்துக்கு மஞ்சளும் மாலையும் ஏறியிருந்தது. பேரே 'கம்பத்தய்யன்' ஆகிவிட்டது. சென்னம்மாள் என்ற கிழவி தானாகவே பூசாரிச்சி வேலையை எடுத்துக்கொண்டு, அடியில் சாணி மெழுகிக் கோலம் போட்டு வைத்திருந்தாள். நான் நட்ட மரத்துக்கு இவ்வளவு மரியாதையா என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே குளுகுளுப்பு. பொய் சொல்லவில்லை, பிடித்திருந்தது.

ஆவணியில் வந்தபோது கம்பம் இரண்டு விரற்கடை ஆற்றுப் பக்கம் சாய்ந்திருந்தது. தோண்டிப் பார்க்கக் கடப்பாறையை எடுத்தேன்.

"ஏங்க மேஸ்திரி, சாமி கால்லயா கடப்பாறை போடுவீங்க? அய்யன் ஆத்தைக் குனிஞ்சு பாக்கறாருங்க" என்று சென்னம்மாள் குறுக்கே நின்றாள். மெழுகிய தரையைக் காலால் அழுத்திப் பார்த்தேன். கெட்டியாகத்தான் இருந்தது. கடப்பாறையைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன். முட்டாள்!

நாலு நாளைக்கு முன்னால், உச்சிப் பொழுது. பரிசலில் மல்லையனோடு சேர்த்து ஏழு பேர். மல்லையன் வடத்தைப் பற்றியபடி, "மாமா, அய்யன் இருக்கறாரு, பயமில்லீங்க!" என்று கத்திவிட்டுத்தான் போனான். பாதி ஆற்றில் வடம் இறுகியது. என் பக்கத்தில் மெழுகிய தரை அப்பளம் மாதிரி நொறுங்கியது. அடியிலிருந்து மண் இறுகி எதிர்த்து நிற்கவேண்டிய இடத்தில், வெறும் ஆற்று மணல் பொலபொலவென்று சரிந்தது. கம்பம் குடிகாரன் மாதிரி முன்னால் சாய்ந்து, குழியைப் பெயர்த்துக்கொண்டு ஆற்றில் விழுந்தது. நான் அதைக் கட்டிப் பிடித்தேன். என்னையும் பத்தடி இழுத்துப்போய் உதறிவிட்டது.

வடத்தோடு போன கம்பம் வெள்ளத்தில் சுழன்று, நேரே பரிசலைத்தான் இடித்தது. ஆறு பேர் வடத்தைப் பிடித்துக்கொண்டு அக்கரையில் ஒதுங்கினார்கள். மல்லையன் ஒதுங்கவில்லை. மூன்றாம் நாள்தான் கிடைத்தான்.

அவனை அடக்கம் பண்ணிவிட்டு நேரே துறைக்குப் போனேன். குழியில் கைவிட்டேன். ஆற்றுப் பக்கம் மட்டும் இடுப்பளவுக்கு நான் இடித்த மண் இல்லை. ஒரு கூடை சரளைகூட இல்லை. எல்லாம் மணல். பின்பக்கம் என் திமிசுத் தடம் அப்படியே இருந்தது.

"யாருடி இங்க மண்ணு எடுத்தது?" என்று, ஊர்சனத்தோடு பின்னாலேயே வந்து நின்ற சென்னம்மாளின் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"எல்லாருந்தாங்க எடுத்தாங்க. விதைக்கறதுக்கு முன்னால காட்டுல தூவறதுக்கு, வாசல்ல கட்டறதுக்கு. முப்பது ஊரு சனம் வந்துதுங்க. ஆளுக்கு ஒரு பிடிதான். குழி தெரியக்கூடாதுன்னு நான்தான் மணலு கொட்டி மெழுகுனேன்" என்றாள்.

கூட்டத்தில் நின்றவர்களைப் பார்த்துக் கத்தினேன். "நான் ஒரு பிடிதாங்க", "நானும் ஒரு பிடிதாங்க" என்றார்கள். ஒருத்தர் முகத்திலும் கள்ளம் இல்லை. சாமி மண் எடுத்தால் சாமிக்கு என்ன குறையும் என்ற திகைப்புதான் இருந்தது.

"பின்பக்கம் எடுத்துத் தொலைச்சிருக்கக் கூடாதா? ஏன்டா எல்லாரும் ஆத்துப் பக்கமே எடுத்தீங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் வீட்டுக்கு வந்தேன்.

ராமக்கா அழுது ஓய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஒன்பது வருஷம் பிள்ளையில்லாமல் இருந்து புரட்டாசியில் பிறந்த எங்கள் மகள் தூளியில் தூங்கிக்கொண்டிருந்தாள். குழியைப் பற்றிச் சொன்னேன். ராமக்கா எழுந்தாள். தூளிக் கயிற்றில் கட்டியிருந்த ஒரு மஞ்சள் துணி முடிச்சை அவிழ்த்து என் உள்ளங்கையில் வைத்தாள். செம்மண், சரளையோடு. நான் இடித்த மண்.

"போன கார்த்திகையில, பிள்ளை வேணும்னு வேண்டிக்கிட்டு எடுத்தேங்க. நான்தான் மொதல்ல எடுத்தேன். என்னைப் பாத்துத்தான் மத்தவங்க எடுத்தாங்க."

மண்ணை விரலால் கிளறிப் பார்த்தேன். அவளே என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"நீங்கதானங்க சொன்னீங்க? மரம் இல்ல, இந்தப் பக்கத்து மண்ணுதான் பதினோரு பேரைத் தாங்குச்சுன்னு?"

ஆமாம். நான்தான் சொன்னேன்.