அருள்ஜோதியின் மல்லாட்டைத் துவையல்

ஐந்தரைக்கு எழுந்தேன். பாலைக் காய்ச்சினேன். கடை மாவில் இட்லி ஊற்றினேன். ஏழு மணிக்கு இனியாவை எழுப்பிப் பல் தேய்த்துவிட்டேன். தலை வாரினேன். வகிடு கோணலாக வந்தது. ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சின் எட்டு மணிப் பூசைக்குப் போகவில்லை.

மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலையை வறுத்துத் தோலை ஊதினேன். காய்ந்த மிளகாய், பூண்டு, புளி, உப்பு. அரைத்து இட்லியோடு வைத்தேன். இனியா விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தாள்.

“இது அம்மா துவையல் இல்ல.”

தட்டைத் தள்ளினாள். அழவில்லை. இது ஐந்தாவது முறை.

அருள்ஜோதி இறந்து அறுபத்திரண்டு நாள் ஆகிறது. மூளையில் ரத்தக் குழாய் வெடித்தது. வயது இருபத்தொன்பது. எங்கள் மகளுக்கு ஐந்து. இந்த அறுபத்திரண்டு நாளில் இரண்டரைக் கிலோ இளைத்திருக்கிறாள். இப்படியே போனால் ஆஸ்பத்திரியில் சேர்த்துக் குளுக்கோஸ் ஏற்ற வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பிள்ளை கேட்பது ஒன்றே ஒன்று. அது எனக்குச் செய்ய வரவில்லை.

அருளுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. எங்கள் தெருவும் பக்கத்துத் தெருவும் சேர்ந்து பதினான்கு பெண்கள். வீட்டில் எல்லோரும் கிளம்பிப் போன பின், ஒன்பதரை மணி வாக்கில், தினமும் ஒருத்தி தன் வீட்டுச் சமையல் ஒன்றைக் குரலில் பேசி அனுப்புவாள். எழுதக் கூடாது. எழுதினால் பக்குவம் பிடிபடாதாம். அந்தத் துவையலையும் அவள் சொல்லியிருப்பாள் என்று நினைத்தேன். அவளுடைய போன் அன்று விழுந்து உடைந்ததோடு சரி, திறக்கவில்லை. அதனால் குழுவில் மூன்று பேரிடம் கேட்டேன். மூன்று பேரும் “அமுதவள்ளி அக்காவக் கேளுங்க” என்றார்கள். ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

இனியாவைத் தூக்கிக்கொண்டு போனேன்.

அமுதவள்ளி அக்கா பக்கத்துத் தெரு. குழுவைத் தொடங்கியவர். குழுவில் இருக்கும் ரோசியும் அங்கே இருந்தாள். அன்று அருளை முதலில் பார்த்தது ரோசிதான். பதினொன்றே காலுக்கு ஏதோ வேலையாக எங்கள் வீட்டுக்கு வந்தவள், சமையலறைத் தரையில் அவள் கிடப்பதைப் பார்த்து எனக்குப் போன் செய்தாள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

மேசையில் ஒன்பது பீங்கான் கிண்ணங்கள். நான் சூப்பர்வைசராக இருக்கும் செராமிக் யூனிட்டில் விளிம்பு நெளிந்து கழித்துப் போட்டவை. அருள் கேட்டு வாங்கிக் குழுவில் எல்லோருக்கும் கொடுத்திருந்தாள். ஒவ்வொன்றிலும் துவையல்.

“என்னக்கா இது?”

“உக்காரு தம்பி. பாப்பாவத் தொட்டுப் பாக்கச் சொல்லு.”

ரோசி இனியாவை மடியில் வைத்துக்கொண்டாள். “இது தேங்கா போட்டது. இது வெங்காயம் வதக்கிப் போட்டது. இது மல்லி வெத. இது நான் செஞ்சது.”

“அது வாணாம். அத காக்கா கூடத் தொடாது,” என்றார் அக்கா.

“ஒங்க வூட்டுக்காரரு ரெண்டு தரம் கேட்டு வாங்கித் துன்னாரு அக்கா.”

“அவரு எதத்தான் துன்ன மாட்டாரு.”

பழக்கத்தில் வந்த பேச்சு. இருவரும் சட்டென்று நிறுத்திக்கொண்டார்கள்.

இனியா ஒன்பதையும் தொட்டாள். ஒவ்வொன்றுக்கும் இல்லை என்று தலையாட்டினாள். கடைசிக் கிண்ணத்தில் ரோசி அழ ஆரம்பித்தாள்.

“ஏன்க்கா தேடுறீங்க? அருளு ஒங்களுக்கு இதச் சொன்னதே இல்லியா?” என்று கேட்டேன்.

“சொல்ல ஆரம்பிச்சா. முடிக்கல.”

“என்னைக்கு?”

“அன்னைக்குத்தான்.”

அக்கா எதிரில் உட்கார்ந்தார். “அவளுக்கு ஒரு வெளையாட்டு உண்டு தம்பி. எதச் சொன்னாலும் கடைசிச் சாமானச் சொல்லாம நிறுத்திடுவா. பால் பொங்குதும்பா, கரண்ட் போயிடுச்சும்பா, தலவலிம்பா. நாங்க நாலு பேரு கெஞ்சணும், திட்டணும். மத்தியானத்துக்கு மேலதான் சொல்லுவா. அன்னைக்கும் அப்படித்தான்னு நெனச்சோம்.”

எனக்கு இந்த விளையாட்டு தெரியாது. ஏழு வருடம் கூட வாழ்ந்திருக்கிறேன்.

“அந்தச் சாமான் என்னான்னு கண்டுபுடிச்சி, துவையலோட வந்து ஒங்கிட்ட எல்லாத்தையும் சொல்லிடலாம்னு இருந்தோம். வெறுங்கையோட வர மூஞ்சி இல்ல.”

போனை நீட்டினார். ரோசி இனியாவை வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போனாள்.

காலை 9.41. அருளின் குரல் பதிவு. அதை அழுத்தவில்லை. கீழே இருந்ததைப் படித்தேன்.

9.43. சிரிக்கும் முகங்கள், ஐந்து பேரிடமிருந்து.

9.44. “ஆரம்பிச்சிட்டா மகாராணி.”

9.46. “பாத்திரத்த வேற உருட்டுறா பாரு. நல்லா நடிக்கிறடி.”

9.58. “சீக்கிரம் சொல்லித் தொலடி, வறுத்து வெச்சிட்டு நிக்கிறேன்.”

10.20. “ரொம்பத்தான் பண்ற. இனிமே ஒங்கூடப் பேச மாட்டோம் போ.” இது அமுதவள்ளி அக்கா.

11.02. “இருங்க, நேர்லயே போயி அவ வாயிலேர்ந்து புடுங்கிட்டு வரேன்.” இது ரோசி.

அதன் பிறகு அன்று யாரும் எதுவும் அனுப்பவில்லை.

ஒன்றரை மணி நேரம். ஒரு மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பதிமூன்று பேர் போனிலும் அந்தப் பாத்திரம் உருண்ட சத்தம் இருந்திருக்கிறது. கேட்டுவிட்டுச் சிரித்திருக்கிறார்கள். கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

“மன்னிக்கச் சொல்லல தம்பி,” என்றார் அக்கா. “ஆனா நீ கேக்கணும். அது ஒன்னுது.”

அழுத்தினேன்.

“எல்லாரும் இருக்கீங்களாடி? இன்னைக்கு எங்க வூட்டு மல்லாட்டைத் துவையல். ரெண்டு கை மல்லாட்டை. எண்ண வுடாம வறுங்க. செவக்க வுட்றாதீங்க, வாசன வந்ததும் எறக்கிடணும். மொளகா நாலு. பூண்டு, தோலோட சுட்டது. புளி கொஞ்சூண்டு. இத்தோட ஒரு சாமான் சேக்கணும். அது இல்லன்னா எங்க இனியா கிட்டயே வர மாட்டா.”

சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. பதினோரு நொடி ஒன்றுமில்லை. எண்ணினேன். பாத்திரம் ஒன்று விழுந்து உருண்டது. பிறகு அவள் குரல், போனிலிருந்து கொஞ்சம் விலகி, எப்போதும் பேசுவது போலவே.

“இருங்கடி, தல ஒரு மாதிரி இருக்குது. அடுப்ப அணைச்சிட்டு வந்து சொல்றேன்.”