முகத்துவாரத்தில் வெள்ளைச் சட்டை

எண்ணூரில் பக்கிங்காம் கால்வாயும் ஆறும் சேர்ந்து கடலுக்குப் போகிற முகத்துவாரத்தில், தார் டிரம் மேல் வெள்ளைச் சட்டையோடு அசையாமல் நின்றவன் நான்தான். பி.ஏ. இரண்டாம் வருஷம். எனக்குக் கிடைத்த முதல் உத்தியோகம் கம்பம்.

அசல் கம்பங்கள் இரண்டையும் காலையில் அலை கொண்டுபோய்விட்டது. மணல்திட்டுகளுக்கு நடுவே ஆழமான வழி கொஞ்சம்தான். கடலிலிருந்து பார்க்கும்போது முன்கம்பம் பின்கம்பத்தை மறைத்தால் படகு சரியாக வருகிறது என்று அர்த்தம். அண்ணன் அருள்பிரகாசம் இன்னும் படகோடு வெளியே கடலில் இருந்தான். காற்று ஏறிக்கொண்டிருந்தது. கஸ்பார் மாமா என்னை முன்னாலும், சிவப்புப் புடவையோடு அண்ணி பிலோமியை எனக்குப் பின்னாலும் நிறுத்தினார்.

"யாரு நவுந்தாலும் படகு மணல்ல ஏறி கவுந்துடும்," என்று சொல்லிவிட்டுக் கயிற்றோடு தண்ணீரில் இறங்கினார்.

ஏற்பாட்டில் ஒரு சங்கடம். படகு சரியாக வந்தால் என் முதுகு அதை அண்ணிக்கு மறைத்துவிடும். புருஷன் அவள் கண்ணில் பட்டால் ஆபத்து. படாவிட்டால், ஒன்று நல்லபடியாக வருகிறான், அல்லது முழுகிவிட்டான்.

"இன்னா செல்வா, வருதா?"

"அண்ணன் வந்துகினு கீது அண்ணி."

"மூஞ்சி எப்டி கீது?"

"உன் கஞ்சிய குடிச்சப்போ இருந்த மாதிரிதான்."

"எறங்கி வா, வச்சிக்கிறேன்."

அப்போது பெரிய அலை ஒன்று எழுந்து சரிந்தது. படகு இருந்த இடத்தில் நுரைதான் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டேன்.

"இன்னாடா, பேச்சக் காணோம்?"

"வருது," என்றேன். காலடியில் டிரம் கடகடத்தது. காற்று என்று வைத்துக்கொள்ளலாம்.

"செல்வா, எனக்குத் தெரியுது. வடக்கால."

உயிரோடு இருக்கிறான். மணல்திட்டைப் பார்த்து வருகிறான்.

"நவுராத பிலோமி," என்றார் மாமா.

பின்னால் புடவை படபடத்தது. காலடிச் சத்தம் கேட்கவில்லை.

"இன்னும் தெரியுது," என்றாள். "பாதி தெரியுது." பிறகு மூச்சு விட்டாள். "தெரியல."

எந்த மனைவியும் இவ்வளவு நிம்மதியாக அதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

படகு உள்ளே வந்ததும் மாமா கயிற்றைப் போட்டு அதைக் கரைக்கு இழுத்தார். அண்ணன் குதித்து இறங்கி, "பிலோமி எங்க? ஆளையே காணோம்," என்றான்.

அவள் அப்போதும் என் பின்னாலேயே நின்றிருந்தாள். "இனிமே நவுரலாம்மா," என்று மாமா சொன்ன பிறகுதான் வந்தாள், முதலில் என்னிடம்.

"பெரிய அலை ஒண்ணு வந்துச்சே, அப்போ படகு உனக்குத் தெரிஞ்சுதா?"

"இல்ல அண்ணி."

என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்துவிட்டு அண்ணனிடம் ஓடினாள்.