மூச்சைப் பிடித்து எடுத்த அளவு

கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் சாலையோரம் இருந்த தன் தையல் கடையில் மணிமொழி ஒரே ஒரு இட்லியோடு உட்கார்ந்திருந்தாள். அதைச் சின்னச் சின்னதாகப் பிட்டு, கூழாகும்வரை மென்று, பிறகுதான் விழுங்குவாள். அவசரப்பட்டால் வாந்தி வந்துவிடும். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது, சத்து மாத்திரையை ஆயுளுக்கும் நிறுத்தக் கூடாது. புதுச்சேரிக்குப் போய் வயிற்றைச் சுருக்கும் அறுவை சிகிச்சை செய்துகொண்டு ஒரு வருடம் ஆகியிருந்தது. சர்க்கரை கட்டுக்குள் வந்தது. மூட்டு வலி போனது. தலைமுடி பாதி கொட்டி இப்போதுதான் மறுபடி முளைக்கிறது. பசிகூட குறைந்துவிட்டது. நாத்தனார் ராஜாம்பாள் மேல் இருந்த கோபம் மட்டும் ஒரு பிடி கூடக் குறையவில்லை.

அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. ஐந்து வருடங்களுக்கு முன், உறவில் ஒரு காதுகுத்து விசேஷத்தில், மணிமொழி உட்கார்ந்த பிளாஸ்டிக் நாற்காலி கால் விரிந்து உடைந்தது. விழுந்தவளைத் தூக்க ஆள் வரும் முன்பே ராஜாம்பாளின் குரல் பந்தல் முழுக்கக் கேட்டது.

"அவளுக்குப் போயி ஒத்த சேர யாரு போட்டது? ரெண்டு சேர ஒன்னு மேல ஒன்னு போடுங்கப்பா."

பந்தலே சிரித்தது. மணிமொழியின் கணவன் கலைவாணனும், அக்கா பேச்சாயிற்றே என்று, தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். யாரோ எடுத்த வீடியோ அன்று சாயங்காலமே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்து விழுந்தது. அதற்குப் பிறகு எந்த விசேஷமானாலும் ராஜாம்பாள் தன் கையாலேயே இரண்டு நாற்காலிகளை ஒன்றில் ஒன்று சொருகி வைத்து, "வா மணிமொழி, உன் சிம்மாசனம் ரெடி" என்பாள். டாக்டர் சர்க்கரைக்காகத்தான் ஆப்பரேஷன் செய்யச் சொன்னார். மயக்க ஊசி போடும்போது மணிமொழியின் கண்ணுக்குள் நின்றதோ அந்த இரண்டு நாற்காலிகள்.

இந்த நிலையில் ராஜாம்பாளின் மகள் சுபஸ்ரீ வயதுக்கு வந்தாள். வடக்கனந்தலில் மஞ்சள் நீராட்டு விழா. தாய்மாமன் சீர் கலைவாணன் வீட்டிலிருந்து போக வேண்டும். தண்ணீர் ஊற்றியதும் பெண் முதலில் உடுத்துவது மாமன் வீட்டுத் துணியை. அதை உடுத்திவிடும் உரிமை மாமன் பெண்டாட்டிக்கு. மணிமொழி தையல்காரியும் ஆனதால் பட்டுப்பாவாடைக்கு மேல்சட்டை தைக்கும் வேலையும் அவளிடமே வந்து சேர்ந்தது.

அளவு கொடுக்க சுபஸ்ரீ தன் அப்பாவோடு கடைக்கு வந்தாள். கொழுகொழுவென்று வளர்ந்த பிள்ளை. இடுப்பில் டேப்பைச் சுற்றியதுமே மூச்சை இழுத்து வயிற்றை உள்ளே ஒட்டிக்கொண்டு நின்றாள். மணிமொழிக்கு இது புதிதல்ல. கடைக்கு வரும் பெண்களில் பாதிப் பேர் இப்படித்தான் நிற்பார்கள். "மூச்ச வுடும்மா, அப்பதான் அளவு சரியா வரும்" என்று சொல்லிவிட்டு அவர்கள் விடும்வரை காத்திருப்பாள்.

அன்று அவள் சொல்லவில்லை. மூச்சைப் பிடித்து நின்ற அளவையே குறித்துக்கொண்டாள். வெட்டும்போது இன்னும் ஒரு விரற்கடை குறைத்தாள். சபை கூடியிருக்கும்போது சட்டை ஏறாமல் நிற்கட்டும். 'இன்னா ராஜாம்பா, பொண்ணுக்குச் சட்ட ஏறலயா?' என்று யாராவது கேட்கட்டும், நாலு பேர் சிரிக்கட்டும். மெஷினை மிதித்துக்கொண்டே அந்தக் கேள்வியை மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

நடுவில் ராஜாம்பாள் போன் செய்து, "ஒரு தபா போட்டுப் பாத்துடலாமா?" என்று கேட்டாள்.

"சீர்த் துணிய முன்னாடியே போட்டுப் பாக்கக் கூடாதுங்க அண்ணி. தட்டுல வெச்சுத்தான எடுத்துக்கினு வரணும்" என்றாள் மணிமொழி. முறை என்று சொன்ன பிறகு ராஜாம்பாளால் மறுத்துப் பேச முடியவில்லை.

விழா அன்று மேளத்தோடு சீர்த்தட்டுகள் தெருவில் இறங்கின. தேங்காய், பூ, பழம், வெல்லம், கல்வராயன் மலையிலிருந்து கலைவாணன் ஏற்றிவந்த பலாப்பழம், நடுத்தட்டில் பட்டுப்பாவாடையும் சட்டையும். வாசலில் நின்ற ராஜாம்பாள் மணிமொழியை மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னா மணிமொழி, காத்தடிச்சா பறந்து பூடுவ போலக்கீது. வயித்த அறுத்துக்கினு வந்ததும் மூஞ்சே செத்துப் போச்சு." பக்கத்தில் ஒன்றில் ஒன்று சொருகிய இரண்டு நாற்காலிகள் இருந்தன. "பழக்கத்துல ரெண்டா போட்டுட்டேன். இப்ப நீ காலு நீட்டிப் படுத்தாக்கூட எடம் மிச்சமிருக்கும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பருமனாக இருந்தாலும் பேச்சு, இளைத்தாலும் பேச்சு. மணிமொழியும் சிரித்தாள். நடுத்தட்டில் என்ன இருக்கிறது என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

தண்ணீர் ஊற்றி முடிந்தது. உள் அறையில் மணிமொழியும் சுபஸ்ரீயும் மட்டும் இருந்தார்கள். பாவாடை கட்டியாயிற்று. சட்டையின் மேல் கொக்கிகள் மாட்டின. இடுப்புக்கு வரும்போது இரண்டு முனைகளும் மூன்று விரல் தள்ளி நின்றன.

"அத்த, நான் இழுத்துப் புடிச்சிக்கிறேன். நீங்க சீக்கிரம் மாட்டுங்க" என்றாள் சுபஸ்ரீ. அவள் உதடு காய்ந்திருந்தது, நிற்கும்போதே கால் ஆடியது.

"இன்னாடி ஆச்சு, ஏன் இப்படி நடுங்கற?"

"நேத்துலேர்ந்து ஒன்னுமே துன்னல அத்த. அப்பவும் பத்தலையா?"

"ஏன் துன்னல?"

"அம்மா தான் சொல்லுச்சு. இப்படியே துன்னுக்கினு இருந்தா உங்க அத்த மாதிரி ஆயிடுவ, உனக்கும் ரெண்டு சேர் போடுவாங்கன்னு." பிள்ளை கொஞ்சம் தயங்கினாள். "அத்த, அந்த ஆப்பரேசன் எனக்கும் பண்ணுவாங்களா? ரொம்ப வலிக்குமா?"

மணிமொழி பதில் சொல்வதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு ராஜாம்பாள் வந்தாள். சட்டை சேராமல் நிற்பதைப் பார்த்ததும் அவள் முகம் கறுத்தது. ஐந்து வருடமாக மணிமொழி பார்க்க ஆசைப்பட்ட முகம் அதுதான்.

"எரும, சோத்தக் கண்டா வுடறியா நீ? என் மானத்த வாங்கறதுக்குன்னே பொறந்தியா?" என்று கையை ஓங்கினாள் ராஜாம்பாள்.

சுபஸ்ரீ அழவில்லை. கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இன்னும் இழுத்துப் பிடித்தாள். உடைந்த நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் கிடந்தபோது தானும் இப்படித்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தது மணிமொழிக்கு நினைவு வந்தது. நாத்தனார் மேல் எறிந்த கல் பிள்ளை மேல் விழுந்துவிட்டது. அவளுக்கு உடம்பே கூசியது.

ஓங்கிய கையைப் பிடித்தாள். "அவள அடிக்காதீங்க அண்ணி. சட்டைய சின்னதா வெட்டுனது நானு."

"இன்னா சொல்ற?"

"வேணும்னேதான் வெட்டுனேன். வெளிய அத்தன பேருக்கு முன்னாடி நீங்க தல குனியணும். எனக்கு நீங்க பண்ணத உங்களுக்குத் திருப்பிக் குடுக்கணும்னு நெனச்சேன்."

"அடிப்பாவி. அதுக்கு என் பொண்ணு தான் கெடச்சாளா?"

"பாவிதான். இல்லன்னு சொல்லல. நீங்க அஞ்சு வருசமா பண்ணத நான் ஒரு சட்டைல பண்ணிட்டேன். ஆனா நான் துணியத்தான் கொறச்சேன். நீங்க அவ சோத்தயே கொறச்சிட்டீங்க. நேத்துலேர்ந்து பட்டினி கெடக்குது. பெத்தவங்களுக்கு அது தெரியுமா?"

ராஜாம்பாள் மகளைத் திரும்பிப் பார்த்தாள். ஓங்கிய கை தானாகத் தாழ்ந்தது.

மணிமொழி கைப்பையிலிருந்து ஊசி, நூல், பிளேடு எடுத்தாள். எந்தச் சட்டை தைத்தாலும் இரண்டு பக்கமும் உள்ளே துணி விடுவது அவள் வழக்கம், பிறகு பிரித்துவிட வசதியாக. பழிக்கு வெட்டிய சட்டையிலும் அவள் கை அந்த வழக்கத்தை மறக்கவில்லை.

"மூச்ச வுடு சுபா."

சுபஸ்ரீ விடவில்லை.

"வுடும்மா. சட்டதான் உனக்கு ஏத்த மாதிரி வரணும். சட்டைக்கு ஏத்த மாதிரி நீ ஆவ வேணாம்."

பிள்ளை மூச்சை விட்டாள். அதோடு அழுகையும் வந்தது. மணிமொழி அவளை அணைத்துக்கொண்டு, "அண்ணி, சூடா பாலும் ரெண்டு இட்லியும் எடுத்துக்கினு வாங்க. பொறவு சபைக்குப் போவலாம்" என்றாள்.

ராஜாம்பாள் வெளியே போனாள். வாசலில் உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டு அம்சவள்ளி சும்மா இருப்பாளா? "இன்னா ராஜாம்பா, இம்மா நேரம்? பொண்ணுக்குச் சட்ட ஏறலயா?" என்றாள். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

மெஷினை மிதித்துக்கொண்டு சொல்லிப் பார்த்த அதே கேள்வி. உள்ளே தையலைப் பிரித்துக்கொண்டிருந்த மணிமொழியின் காதில் விழுந்தது. பொய் சொல்வானேன், ஒரு நிமிடம் இனிக்கத்தான் செய்தது. பிறகு மடியில் கிடந்த சட்டையைப் பார்த்தாள், அந்த இனிப்பு தொண்டையிலேயே கசந்தது.

சிரிப்பு தன் பக்கம் திரும்பினால் எப்படி இருக்கும் என்று ராஜாம்பாளுக்கு அதுவரை தெரியாது. "சட்டதான் சின்னதா பூடுச்சி" என்றாள். "எம் பொண்ணு சரியாத்தான் கீறா."

வயிற்றுக்கு ஆகாரம் போய், அளவான சட்டையோடு சுபஸ்ரீ சபைக்கு வந்தாள். சீர் நடந்தது, நலங்கு வைத்தார்கள், கலைவாணன் மாலை போட்டான். பந்தி ஆரம்பிக்கும்போது ராஜாம்பாள் அந்த இரட்டை நாற்காலியிடம் போய், ஒன்றை இழுத்து உருவி மணிமொழிக்கு முன்னால் போட்டாள். "உக்காரு" என்றாள், முகத்தைப் பார்க்காமல்.

மணிமொழி நின்றபடியே பேசினாள். பந்தியில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படிதான் பேசினாள்.

"எல்லாத்தயும் மறந்துட்டேன்னு நெனைக்காதீங்க அண்ணி. அதுக்கு நாளாவும். எனக்கு சர்க்கர இருந்துச்சி, டாக்டர் சொன்னாரு, ஆப்பரேசன் பண்ணிக்கினேன். நல்லாத்தான் கீறேன். ஒருத்தருக்கு அது வேணுமா வேணாமான்னு டாக்டர்தான் சொல்லணும். நம்ம கேலிக்குப் பயந்துக்கினு ஒரு பொண்ணும் பட்டினி கெடக்கக் கூடாது, கத்திக்கிட்டயும் போவக் கூடாது. என் வயித்த டாக்டர் சுருக்கிட்டாரு. உங்க வாய நீங்கதான் அடக்கணும். பழி வாங்கற என் மனச நான்தான் அடக்கணும். அதுக்கெல்லாம் எந்த ஆஸ்பத்திரிலயும் ஆப்பரேசன் கெடையாது."

ராஜாம்பாள் மிச்சமிருந்த இன்னொரு நாற்காலியை மணிமொழியின் பக்கத்தில் இழுத்துப் போட்டாள்.

"சுபா, வா. அத்த பக்கத்துல உக்காந்து துன்னும்மா. வயிறு ரொம்பத் துன்னு."